ஓட்டத்துக்கு முந்தைய வயிறும் ஒரு டப்பா கேப்சூலும்

நவம்பர் 11, காலை. கோத்தகிரியிலிருந்து ஒரு தந்தை

மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். 1500 மீட்டரும் 3000 மீட்டரும் ஓடுகிறான். போட்டி நெருங்கினால் தூக்கம் இல்லை, சோறு இறங்குவதில்லை, எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான். குடல் சரியானால் மனம் சரியாகும் என்று சொல்லி, எனக்குத் தெரிந்தவர் ஒருவர் புரோபயாடிக் கேப்சூலை, அதாவது குடலுக்கு நல்லது என்று சொல்லும் உயிருள்ள நுண்ணுயிர்கள் அடங்கிய கேப்சூலை, சிபாரிசு செய்கிறார். முப்பது கேப்சூல் உள்ள டப்பா எண்ணூற்றுச் சொச்சம் ரூபாய். ஓட்டக்காரர்களுக்கு இது உண்மையிலேயே பதற்றத்தைக் குறைக்குமா? கொடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நவம்பர் 11, இரவு

வேண்டாம். அந்தக் காசுக்கு இரண்டு ஜோடி நல்ல காலுறையும் ஒரு கிலோ வேர்க்கடலையும் வாங்கிக் கொடுங்கள்.

நவம்பர் 12

நேற்று எழுதியது அவசரப் பதில். மழையில் நனைந்த பத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஈரச் சட்டையோடு உட்கார்ந்து எழுதினேன். இருபத்தொரு வருடமாக உதகையில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஒரு புது டப்பா வரும். ஒரு வருடம் புரத மாவு, ஒரு வருடம் பீட்ரூட் பொடி, ஒரு வருடம் காந்தக் காப்பு. அந்த எரிச்சலை உங்கள் மீது காட்டிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா.

குடலும் மூளையும் பேசிக்கொள்வது கட்டுக்கதை அல்ல. வேகஸ் என்ற நரம்பு மூளைத்தண்டிலிருந்து வயிறு வரை இறங்குகிறது. அதில் ஓடும் சேதியில் பெரும்பங்கு கீழிருந்து மேலே போவதுதான். 2011இல் எலிகளுக்கு லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ் என்ற பாக்டீரியா இனத்தில் ஜேபி-1 என்ற வகையைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் பதற்றம் குறைந்தது. வேகஸ் நரம்பை வெட்டிவிட்ட எலிகளிடம் அந்த மாற்றம் வரவில்லை. அழகான சோதனை. அன்றிலிருந்து எல்லாக் கடைக்காரர்களும் இந்த எலியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

அதே ஜேபி-1ஐ 29 ஆரோக்கியமான ஆண்களுக்கு எட்டு வாரச் சோதனை ஒன்றில் கொடுத்துப் பார்த்த முடிவு 2017இல் வந்தது. சரக்கு எதுவும் இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலான பலன் எதுவும் தெரியவில்லை. இதை எந்தக் கடைக்காரரும் டப்பாவில் அச்சடிப்பதில்லை.

அச்சடிப்பது வேறொன்று: மனநிலையோடு தொடர்புள்ள செரோட்டோனின் என்ற வேதிப்பொருளில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குடலில்தான் உண்டாகிறது என்பது. பொய்யில்லை. ஆனால் அந்தச் செரோட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. மலையேறும் பஸ்ஸில் கொண்டுவந்த பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிக்கொள்கிறார்களே, அப்படி ஒரு தடுப்பு நடுவில் இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

விளையாட்டு வீரர்களை வைத்தே செய்த சோதனை இல்லையா என்றால், இருக்கிறது. மலேசியாவில் பல்கலைக்கழக பேட்மின்டன் ஆட்டக்காரர்கள் 30 பேரை வைத்து ஆறு வாரம் செய்து 2021இல் வெளியிட்டார்கள். லாக்டோபேசிலஸ் காசேய் ஷிரோட்டா சேர்த்த பானம் குடித்தவர்களிடம் பதற்ற மதிப்பெண் 16 சதவீதமும் மன அழுத்த மதிப்பெண் 20 சதவீதமும் குறைந்தன. குடிக்காதவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. முப்பது பேர், ஆறு வாரம். என் வகுப்பில் ஒரு பிரிவுக்குக்கூட முப்பது பேர் போதாது. ஆனாலும் ஒன்றுமே இல்லை என்று நேற்று சொன்னது தவறுதான்.

நவம்பர் 14

குன்னூரிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "லாக்டோபேசிலஸ் என்று போட்டிருந்தால் போதும்தானே?"

போதாது. நீங்கள் விதைக்கிழங்கு வாங்கப் போனால் உருளைக்கிழங்கு கொடுங்கள் என்றா கேட்பீர்கள்? குஃப்ரி ஜோதியா, குஃப்ரி ஸ்வர்ணாவா என்று கேட்க மாட்டீர்களா? நூற்புழு உள்ள மண்ணில் ஸ்வர்ணா தாங்கும், ஜோதி தாங்காது. குழம்பில் போட்டால் இரண்டும் கிழங்குதான். கேப்சூலும் அப்படியே. இனத்தின் பெயருக்குப் பின்னால், ஜேபி-1 என்பதுபோல் எழுத்தும் எண்ணுமோ, ஷிரோட்டா என்பதுபோல் ஒரு பெயரோ, வகையைச் சொல்லும் ஒரு வால் இருக்க வேண்டும். எந்த வகையை வைத்துச் சோதித்தார்களோ அந்த வகைக்குத்தான் அந்த முடிவு பொருந்தும். வால் இல்லாத டப்பா என்றால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவர்களே சொல்லவில்லை என்று பொருள்.

எண்ணிக்கையையும் பாருங்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, புரோபயாடிக் என்று விற்பதில் ஒரு நாள் அளவுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும். உயிருள்ள என்பதுதான் முக்கியம். 2001இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து கொடுத்த வரையறையிலும் அந்தச் சொல் இருக்கிறது. உயிரோடு, போதிய அளவில், உண்பவருக்கு நன்மை தருவது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் மாவு.

நவம்பர் 15

"எதற்கு கேப்சூல், நம் தயிரும் இட்லியும் போதாதா" என்று ஐந்தாறு பேர் கிளம்பிவிட்டீர்கள். எதிர்பார்த்ததுதான்.

முதலில் இட்லி. மாவு புளிக்கும்போது லூகோனோஸ்டாக் முதலான பாக்டீரியாக்கள் உள்ளே கோடிக்கணக்கில் வாழ்கின்றன. பிறகு அதைத் தட்டில் ஊற்றிப் பத்து நிமிடம் ஆவியில் வேக வைக்கிறோம். அத்தனை பேரும் காலி. இட்லி நல்ல உணவு, எளிதில் செரிக்கும், ஓட்டத்துக்கு முன் அதைவிட நல்லது இல்லை. புரோபயாடிக் மட்டும் இல்லை.

தயிரில் உயிர் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் தயிர் உறைந்தால்தானே! உறை ஊற்றிய பாலுக்கு நாற்பது டிகிரி பக்கம் சூடு கிடைத்தால் நாலைந்து மணி நேரத்தில் கட்டிவிடும். என் சமையலறையில் நேற்று இரவு ஒன்பது டிகிரி. பாலை வெதுவெதுப்பாக்கி, உறை ஊற்றி, கம்பளிச் சால்வையில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். காலையில் திறந்தால் பால் பாலாகவே இருந்தது, சால்வையில் மட்டும் புளித்த வாசனை. என் அம்மா விறகடுப்பின் மேல்திட்டில் வைப்பார். அடுப்பு போய்க் கேஸ் வந்த வருடத்தோடு எங்கள் வீட்டில் நல்ல தயிர் முடிந்தது. பழைய சோறும் அப்படித்தான். சமவெளியில் ஒரு ராத்திரியில் புளிக்கும். இங்கே மறுநாள் காலையில் அது ஈரச் சோறு, அவ்வளவுதான்.

"இந்த ஊரே ஃபிரிட்ஜ், கேப்சூல் கெடாது, அதற்காவது சந்தோஷப்படுங்கள்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நியாயம்.

நவம்பர் 17

முதல் நாள் சொன்னதை இன்னும் கொஞ்சம் விழுங்க வேண்டியிருக்கிறது.

என்னிடம் ஓடும் ஒரு பெண், பத்தாம் வகுப்பு, 3000 மீட்டர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மாமா அக்டோபர் தொடக்கத்தில் அவளுக்கு இதே மாதிரி ஒரு டப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, திட்டுவேன் என்று. இப்போது ஆறாவது வாரம். ஓட்டத்தின் நடுவில் ஒதுங்குவது நின்றிருக்கிறது. சோதனை ஓட்டத்துக்கு முந்தைய இரவு தூங்கினேன் என்கிறாள். முகம் தெளிவாக இருக்கிறது. எனக்கே தெரிகிறது.

நான் எதை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தேனோ அது என் கண்முன்னால் வேலை செய்கிறது போலிருக்கிறது. ஒரு டப்பா எனக்கும் வாங்கியிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

நவம்பர் 19, தூக்கம் வராத இரவு

நான் ஓடிய காலத்தில் புரோபயாடிக் என்ற சொல்லை யாரும் கேள்விப்பட்டதில்லை. போட்டிக்கு முன் நான் வாந்தி எடுப்பேன். ஒருமுறை இருமுறை அல்ல, கோயம்புத்தூரில் நடந்த ஒவ்வொரு போட்டிக்கும். மைதானச் சுவரை ஒட்டி ஒரு வேப்ப மரம். அதன் அடிதான் எனக்கு இடம். வாந்தி எடுத்து, வாய் கொப்பளித்து, முந்தானைபோல் தொங்கிய ஜெர்சியால் முகம் துடைத்துக்கொண்டு கோட்டுக்கு வருவேன். எங்கள் மாஸ்டர் ஒன்றும் கேட்க மாட்டார். பக்கத்துப் பயிற்சியாளரிடம், "மலைப் பிள்ளைக்குப் பயம், கூட்டத்தைப் பார்த்ததில்லை" என்று சிரித்தபடி சொல்வார். அது என் காதில் விழும்.

பயம் என்று ஒருவர் பெயர் வைத்துவிட்டால் பிறகு அது பயமாகவே ஆகிவிடுகிறது. மூன்றாவது வருடத்தில் போட்டித் தேதியைத் தாளில் பார்த்தாலே வயிறு புரண்டது. பத்தொன்பது வயதில் நிறுத்திவிட்டேன். வீட்டில் படிப்பு என்று சொன்னேன். வயிறு என்று சொல்லவில்லை.

நவம்பர் 20

காலையில் பல் துலக்கும்போது ஒன்று உறைத்தது. முப்பது வருடமாக உறைக்காதது.

உதகையில் நடந்த போட்டிகளில் நான் ஒருமுறைகூட வாந்தி எடுத்ததில்லை. அங்கேயும் கூட்டம் உண்டு, அங்கேயும் தோற்றிருக்கிறேன். கீழே போனால் மட்டும்தான். கீழே எப்படிப் போவோம்? காலை நாலு மணி பஸ், வெறும் வயிற்றில் பால் டீ, குன்னூர் தாண்டி மேட்டுப்பாளையம் வரை கொண்டை ஊசி வளைவுகள், கடைசி இருக்கை, டீசல் புகை. 2240 மீட்டர் உயரத்திலிருந்து நானூற்றுச் சொச்சம் மீட்டருக்கு இறங்கி, மூன்றரை மணி நேரத்தில் மைதானம், எட்டரைக்கு ஓட்டம்.

அது பயமா, பஸ்ஸா?

பஸ்ஸில் தொடங்கியதற்குப் பயம் என்று பெயர் வைத்து, வயிறும் அதை மனப்பாடம் செய்துகொண்டது என்றுதான் இப்போது நினைக்கிறேன். எல்லாப் பதற்றமும் பஸ்தான் என்று சொல்லவில்லை. ஆனால் மலைப் பிள்ளைகளை முந்தைய நாளே இறக்கிவிட்டு, இரவு அயர்ந்து தூங்க வைத்து ஓடவிட்டால், பாதிப் பிள்ளைகளின் 'மன அழுத்தம்' போய்விடுகிறது. ஆறு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். எந்தக் காரணத்துக்காகச் செய்கிறேன் என்று தெரியாமலே செய்திருக்கிறேன்.

கோத்தகிரி ஐயா, உங்கள் மகன் பஸ்ஸில் எப்படி? கேட்டுச் சொல்லுங்கள்.

நவம்பர் 23

கேப்சூல் ஆறாம் நாள். மனத்தில் மாற்றம் இல்லை. வயிற்றில் வாயு. முதல் வாரம் அப்படித்தான் இருக்கும் என்று படித்திருந்தேன். மைதானத்தில் பிள்ளைகளிடமிருந்து காற்று அடிக்கும் திசை பார்த்து நிற்கிறேன்.

டிசம்பர் 2

தந்தை பதில் எழுதியிருக்கிறார். பையன் பஸ்ஸில் வாந்தி எடுப்பதில்லையாம், ஆனால் ஜன்னலோர இருக்கை கிடைக்காவிட்டால் போகவே மாட்டேன் என்று அடம் பிடிப்பானாம். ஐயா, பஸ் அவன் வயிற்றையும் புரட்டுகிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

அவர் கேட்ட இன்னொன்று: ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டுமா? புரோபயாடிக் தடைப்பட்டியலில் இல்லை. உலக முகமையும் சரி, நம் தேசிய முகமையான நாடாவும் சரி, தயிர்க் கிருமியைத் துரத்துவதில்லை. ஆபத்து டப்பாவில் எழுதாமல் உள்ளே கலந்திருப்பதில்தான். 13 நாடுகளில் வாங்கிய 634 துணை உணவுகளைச் சோதித்து 2004இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 94இல் அட்டையில் சொல்லாத ஹார்மோன் சரக்கு இருந்தது, கிட்டத்தட்ட 15 சதவீதம். அவை பெரும்பாலும் தசை வளர்க்கும் டப்பாக்கள் விற்கும் கடைகளின் பொருள்கள், கேப்சூல் தயிர் அல்ல. ஆனாலும் 'உடல் திறன் கூட்டும்' மூலிகை, தசை மாவு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்த புரோபயாடிக் டப்பா என்றால் தொடாதீர்கள். மாட்டிக்கொண்டால் தெரியாமல் சாப்பிட்டேன் என்ற பேச்சு எடுபடாது. உடலுக்குள் போனதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. மாவட்டப் போட்டியில் யாரும் சோதிக்கப் போவதில்லை என்று சொல்பவர்களுக்கு: பிள்ளை மாவட்டத்தோடு நிற்க வேண்டும் என்று விரும்புகிறீர்களா?

டிசம்பர் 10

நவம்பர் 17இல் விழுங்கியதைத் திரும்பக் கக்குகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் ஓடும் பிள்ளைகள் எல்லோரும் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்க வேண்டும். தூங்கிய மணி, எழுந்த மணி, ஓடிய தூரம், வயிறு, மனம். கடைசி இரண்டுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண், ஐந்து என்றால் மோசம். அந்தப் பெண்ணின் நோட்டை நேற்று வாங்கி வந்தேன், கேப்சூலின் பெருமையை எழுத ஆதாரம் வேண்டும் என்று. பச்சை மையில் எழுதுவாள். வயிறு 4 என்றால் பக்கத்தில் வாயைக் கோணிய ஒரு முகம் வரைவாள். செப்டம்பர் 6: வயிறு 4, மனம் 4, 'பாட்டி திட்டியது'. செப்டம்பர் 9: வயிறு 5. ஓரத்தில் சின்னதாக 'மா' என்று ஓர் எழுத்து. செப்டம்பர் 13: வயிறு 4, மறுபடி 'மா'. புரட்டப் புரட்ட, கோணல் முகம் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் 'மா'வும் இருக்கிறது.

இன்று காலை கேட்டேன். "மா என்றால் மாத்திரை மிஸ். கால் எலும்பு வலிக்கும்போது போட்டுக்கொள்வேன்." முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு வலி. வீட்டில் அப்பா முதுகுவலிக்கு வைத்திருக்கும் ஐபுப்ரூஃபன். நீண்ட ஓட்டத்துக்கு முன் வெறும் வயிற்றில் ஒன்று. எப்போது நிறுத்தினாள்? செப்டம்பர் கடைசியில் அவளை இரண்டு வாரம் ஓட வேண்டாம் என்று நிறுத்தி, பழைய ஷூவை மாற்றச் சொன்னேன். வலி போனது. மாத்திரையும் போனது. அதற்கு மறுவாரம்தான் மாமா டப்பாவோடு வந்தார்.

கடினமாக ஓடும்போது ரத்தம் காலுக்கும் தோலுக்கும் போய்விடும், குடலுக்கு வருவது வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் குடலின் உள்சுவர் ஏற்கெனவே நொந்திருக்கும். அதன்மேல் ஐபுப்ரூஃபன் போட்டால் சேதம் கூடும். இது சோதித்து அறிந்த விஷயம். வலி இல்லாமல் ஓடலாம் என்று போடுகிறார்கள், பதினைந்தாவது நிமிடத்தில் புதர் தேடுகிறார்கள். ஓட்டத்தின் நடுவில் ஒதுங்க வேண்டியிருக்குமோ என்று ஒரு பதினைந்து வயதுப் பெண் நினைத்துக்கொண்டே இருந்தால் அவளுக்கு முந்தைய இரவு தூக்கம் வருமா?

ஆக, ஓய்வு, புது ஷூ, மாத்திரை நிறுத்தம், கேப்சூல், நான்கும் ஒரே மாதத்தில். பாராட்டு முழுவதையும் கேப்சூலுக்குக் கொடுத்துவிட்டேன். அதுதான் கடைசியாக வந்து சேர்ந்தது, அதற்குத்தான் விலையும் இருந்தது. கேப்சூல் ஒன்றும் செய்யவில்லை என்று இதிலிருந்து நிரூபணமாகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். தெரியாது என்பதுதான் நிரூபணமாகிறது.

தந்தைமார்களே, உங்கள் வீட்டு அலமாரியில் வலி மாத்திரை எண்ணிப் பாருங்கள்.

டிசம்பர் 11

பின்குறிப்பு. அந்தப் பெண்ணிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அப்படியென்றால் டப்பாவை மாமாவிடம் திருப்பிக் கொடுத்துவிடவா மிஸ்?" என்றாள். முடித்துவிடு, காசு கொடுத்தாயிற்று என்றேன். இதுதான் என் அறிவியல் நேர்மை.

டிசம்பர் 13

"காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்தவனுக்குக் கொடுக்கலாமா" என்று கூடலூரிலிருந்து ஒரு தாய். இதில் இரண்டு பக்கம் இருக்கிறது. ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைச் சில வகை புரோபயாடிக் குறைக்கிறது, அதற்குச் சான்று உண்டு. ஆனால் 2018இல் வந்த ஓர் இஸ்ரேல் ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு 11 வகைகள் கலந்த புரோபயாடிக் எடுத்தவர்களுக்குத் தங்கள் சொந்தக் குடல் நுண்ணுயிர்கள் திரும்பி வர, சும்மா விட்டவர்களைவிட அதிக நாள் பிடித்தது. வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனை உள்ளே விடவில்லை. ஆகவே வயிற்றுப்போக்கு இருந்தால் மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் சோறு, பருப்பு, காய் போதும்.

எல்லோருக்கும் தீங்கற்றது என்ற பேச்சும் சரியில்லை. 2008இல் நெதர்லாந்தில், கடுமையான கணைய அழற்சியில் கிடந்த நோயாளிகளுக்குப் புரோபயாடிக் கொடுத்தபோது 16 சதவீதத்தினர் இறந்தார்கள், வெற்று மருந்து பெற்றவர்களில் 6 சதவீதம். ஓடுகிற பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் வீட்டில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பெரியவர் இருந்தால் அதே டப்பாவிலிருந்து அவருக்கும் ஒன்று நீட்டாதீர்கள்.

ஜனவரி 4

உறைபனி. காலை ஆறரைக்கு மைதானப் புல் வெள்ளையாகக் கிடக்கிறது, கால் வைத்தால் அப்பளம்போல் நொறுங்குகிறது. பாதிப் பிள்ளைகளுக்குச் சளி.

என் டப்பா முடிந்து, இரண்டாவதும் பாதி ஆகிவிட்டது. மனம்? அதே மனம். பரீட்சைத் தாள் திருத்தும்போது வரும் கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் எனக்கு இந்த டிசம்பரில் சளி பிடிக்கவில்லை. ஒரே ஆள், ஒரே குளிர்காலம், இதை யாரும் மேற்கோள் காட்டக் கூடாது. காட்டத் தகுந்தது வேறு. ஆஸ்திரேலியாவில் 20 நீண்டதூர ஓட்ட வீரர்களுக்குக் குளிர்காலப் பயிற்சியின்போது லாக்டோபேசிலஸ் ஃபெர்மென்டம் கொடுத்துப் பார்த்து 2010இல் எழுதினார்கள். சளி, தொண்டை அறிகுறிகள் இருந்த நாட்கள் மொத்தம் 30. வெற்று மாத்திரையின்போது 72. இதுவும் சின்ன ஆய்வுதான். ஆனால் இந்தத் திசையில் வேறு ஆய்வுகளும் சேர்ந்திருக்கின்றன. விளையாட்டு வீரர்களுக்கு மனத்தைவிட மூக்குக்கு இதில் சான்று கூடுதல்.

போட்டிக்குப் பத்து நாள் முன்னால் சளி பிடிக்காமல் இருப்பது மனத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று ஓடியவர்களுக்குத் தெரியும். சுற்றி வளைத்து மனநலம் வந்து சேர்கிறதோ என்னவோ. நவம்பர் 11இல் 'வேண்டாம்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்தவள் நான் என்பது எனக்கு நினைவிருக்கிறது, யாரும் நினைவூட்ட வேண்டாம்.

ஜனவரி 6

கொஞ்சம் ஊர்ப்பெருமை. குடலும் உணவும் என்ற இந்தப் பேச்சு எங்கோ அமெரிக்காவில் தொடங்கியதாக நினைக்கிறோம். நூறு வருடத்துக்கு முன் குன்னூரில் நடந்திருக்கிறது. பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918இல் தொடங்கிய, பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோய் பற்றிய ஆராய்ச்சிதான், 1958இல் ஐதராபாத்துக்குப் போய்ப் பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. சத்துப் போன உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்து அவற்றின் குடல் எப்படிப் புண்ணாகிறது என்று அந்த மனிதர் இதே மலையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். சிம்ஸ் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போதெல்லாம் எதிரே அந்தக் கட்டடத்தைக் காட்டுவேன். அவர்கள் ரோட்டோரக் குரங்கைப் பார்ப்பார்கள்.

இன்னும் ஒன்று. 2014இல் அயர்லாந்து ரக்பி வீரர்கள் 40 பேரின் குடலைப் பார்த்தபோது நுண்ணுயிர் வகைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. ஓட்டத்தாலா, அவர்கள் சாப்பிட்ட சாப்பாட்டாலா என்று பிரிக்க முடியவில்லை. கேப்சூலால் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. எங்கள் பக்கத்து படுகர் வீட்டில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் மோரும் சாப்பிட்டு ஓடிய ஒரு பையனை நினைத்துக்கொள்கிறேன். அவன் குடலை யாரும் பார்க்கவில்லை. மேடு ஏறும்போது அவன் முதுகைத்தான் எல்லோரும் பார்த்தோம்.

ஜனவரி 19

தந்தை தனியாக எழுதியதை அவர் அனுமதியோடு இங்கே தொடுகிறேன். பையன் இரண்டு வாரமாகப் பள்ளியிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறானாம். "ஓடாவிட்டால் என்னை யார் மதிப்பார்கள்" என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறான். கேப்சூல் போதவில்லையோ, அளவைக் கூட்டலாமா என்று கேட்கிறார்.

இல்லை ஐயா. இது கேப்சூலின் கதை இல்லை. அளவைக் கூட்டாதீர்கள். நீங்கள் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். நேரம் எவ்வளவு, எத்தனையாவது இடம் என்று கேட்காமல் உட்காருங்கள். நாலு நாள் ஆகும் வாய் திறக்க. ஒரு வாரத்துக்கு மேல் இப்படியே போனாலோ, தன்னைப் பற்றி மோசமாகப் பேசினாலோ, மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசுவார்கள். ஊர் என்ன சொல்லும் என்று நினைக்காதீர்கள். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவே, வென்ற பிறகு வந்த வெறுமையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். தோற்றதால் வரும் நோய் இல்லை இது.

எனக்கு மாஸ்டர் மீது இப்போதும் இருக்கும் வருத்தம் அவர் சிரித்தது இல்லை. என்னம்மா செய்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்காததுதான். கேட்டிருந்தால் பஸ் என்று நானே சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஜனவரி 20

காலையில் மூன்று டம்ளர் டீ குடிக்கிறான் என்று நேற்றைய கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது, பார்க்காமல் விட்டேன். பதற்றத்தால் கை நடுங்கும் பையனுக்கு மூன்று டீயா? தேயிலைக்காரர்கள் என்னை மன்னியுங்கள். போட்டி நாளில் ஒன்றே ஒன்று, அதுவும் பழகியிருந்தால்.

பிப்ரவரி 2

முடிவு கேட்டவர்களுக்கு. மாநிலப் போட்டி முடிந்தது. பையன் 3000 மீட்டரில் ஒன்பதாவது, 1500இல் இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. முந்தைய நாளே இறங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கிறான். பெஞ்சில் உட்காராமல் நண்பர்களோடு சுற்றிக்கொண்டிருந்தான் என்று தந்தை எழுதுகிறார். மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிட்டார்கள், இன்னும் இரண்டு முறை போக வேண்டுமாம். என்னிடம் ஓடும் அந்தப் பெண் ஐந்தாவது. பச்சை மையில் 'வயிறு 1' என்று எழுதி, முதல்முறையாக நேரான வாய் வரைந்திருந்தாள்.

இன்னொன்றும் தந்தை எழுதினார். போட்டிக்கு முந்தைய இரவு, தங்குமிடத்தில் பையன் ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டான். இவருக்குத்தான் தூக்கம் வரவில்லை, வயிற்றைப் பிசைந்தது. பையன் கேப்சூலைப் பொங்கலோடு நிறுத்திவிட்டானாம், அப்பா வருத்தப்படுவார் என்று சொல்லாமல் டப்பாவைப் பையிலேயே வைத்திருந்தான். இவர் இரவு ஒரு மணிக்கு எழுந்து அதிலிருந்து ஒன்றை எடுத்து விழுங்கியிருக்கிறார்.

மீதி பதினொன்று இருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்கிறார். காலாவதித் தேதி மார்ச். பாருங்கள் ஐயா, வால் எழுதியிருக்கிறதா அதில்?